ஐசியு வாசலில் கையெழுத்துப் போடுகிறவர்

ஒரு வீட்டில் யாராவது தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டுவிட்டால், அந்த வீட்டில் இன்னொருவர் அன்றிலிருந்து கையெழுத்துப் போடும் ஆளாகிவிடுகிறார். அவரை யாரும் கூடிப் பேசித் தேர்ந்தெடுப்பதில்லை. ஆம்புலன்ஸில் கூட வந்தவர் யாரோ, அனுமதிப் படிவத்தில் எவருடைய கைப்பேசி எண் எழுதப்பட்டதோ, அவர் தலையில் அந்தப் பொறுப்பு வந்து விழுந்துவிடுகிறது. அதன்பின் மைக்கில் நோயாளியின் பெயரைச் சொல்லி "அட்டெண்டர் வரவும்" என்று அழைக்கும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறவரும் அவர்தான். நள்ளிரவில் வரும் அழைப்பை எடுக்கிறவரும் அவர்தான். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் என் அக்கா. அத்தான் பிழைத்து வந்து, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில், அக்கா அங்கே பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையிலும், பிறகு இது குறித்துத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டபோது, "பேரைப் போடாத தம்பி, மத்தத எழுது" என்றாள்.

அத்தானுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். புதர்களிலும் வரப்புகளிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் பரவுவது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே அடங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், ஈரல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஊரில் சாதாரணக் காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தவருக்கு மூச்சுத் திணறல் வந்த பிறகே மதுரைக்குக் கொண்டு வந்தோம். சேர்த்த இரவே வென்டிலேட்டர். இடுப்பில், வேட்டிக் கட்டுக்குக் கீழே, உண்ணி கடித்த இடத்தில் கறுத்துப்போன ஒரு சிறு புண் இருந்ததை உள்ளே இருந்த டியூட்டி டாக்டர்தான் பார்த்துக் கண்டுபிடித்தார். அதுவரை ஒரு நாள்கூட மருத்துவமனையில் படுத்திராத மனிதர்.

உள்ளே கொண்டுபோன சிறிது நேரத்தில் ஒரு சிஸ்டர் வெளியே வந்து அக்காவின் கையில் ஒரு பாலித்தீன் கவரைக் கொடுத்தார். கைக்கடிகாரம், சோப்பு போட்டுக் கழற்றிய மோதிரம், கத்தரித்து எடுத்த சட்டை, வெட்டப்பட்ட வெள்ளி அரைஞாண் ஆகியவை அதில் இருந்தன. உடம்பு வீங்கும், தொடை வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்பதால் உடம்பில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுவது அங்கே நடைமுறை. அதைச் செய்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளையின் அரைஞாணை அறுப்பது சாவு வீட்டில் செய்கிற காரியம். அத்தானின் அம்மா அந்தக் கவரைப் பார்த்த மாத்திரத்தில் வராந்தாவிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். அக்காவுக்கு அழக்கூட நேரமில்லை. "பொருட்களைப் பெற்றுக்கொண்டேன்" என்று நோட்டில் ஒரு கையெழுத்து, ட்யூப் போட்டதற்கு ஒன்று, கழுத்து நரம்பில் மருந்து ஏற்றும் லைன் போட ஒன்று, ரத்தம் ஏற்ற ஒன்று, விடிவதற்குள் டயாலிசிஸுக்கு ஒன்று என்று வரிசையாகக் காத்திருந்தன. உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பது தனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது என்ற பொருளில் எல்லாவற்றிலும் ஒரு வரி இருந்தது. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. அந்த நேரத்தில் அவற்றைத் தமிழில் கொடுத்திருந்தாலும் அக்கா படித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. போடாவிட்டால் சிகிச்சை நின்றுவிடும் என்ற பயத்தில் போட்ட கையெழுத்துகள் அவை.

அதே நேரத்தில், கையெழுத்துப் போடும் ஆள் வேறு, முடிவெடுக்கும் ஆட்கள் வேறு என்பது நம் குடும்பங்களின் நடைமுறை. கையெழுத்து மனைவியுடையது, முடிவு மாமனாரும் கொழுந்தனாரும் ஊரிலிருந்து வந்த பெரியவர்களும் டீக்கடை வாசலில் கூடிப் பேசுவது, பழி வந்தால் அது திரும்பவும் மனைவிக்கு. இது டிராக்கியாஸ்டமி விஷயத்தில் நன்றாகத் தெரிந்தது. வாய் வழியாகப் போட்ட ட்யூபை நெடுநாள் வைத்திருக்க முடியாது என்பதால், வென்டிலேட்டரிலிருந்து எடுக்கத் தாமதமாகும் நோயாளிகளுக்குக் கழுத்தில் சிறு துளையிட்டு அதன் வழியாகக் குழாயைப் பொருத்துவார்கள். தேறியதும் குழாயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் துளை தானாகவே மூடிக்கொள்ளும். "கழுத்துல ஓட்டை போட்டா அப்புறம் பேச்சே வராது" என்று யாரோ சொல்லிவிட்டதால் அக்காவின் மாமனார் வேண்டாம் என்றார். டாக்டர் இன்றைக்கே செய்தால் நல்லது என்றார். அக்கா கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அத்தானைக் கழுத்துக் குழாயோடு பார்த்துவிட்டு வந்த மாமனார் அதன்பின் கொஞ்ச காலம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனிதரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகனுக்காகச் செய்ய அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை, வேண்டாம் என்று சொல்வதைத் தவிர.

இந்தப் பாரத்தை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்சில் ஏலி அசூலே என்ற தீவிர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த நோயாளிகளின் உறவினர்கள் 284 பேரை, நோயாளி அங்கிருந்து வெளிவந்து அல்லது இறந்து 90 நாட்கள் கழித்து விசாரித்தது. மூவரில் ஒருவருக்கு, பெரிய விபத்திலோ போரிலோ சிக்கி மீண்டவர்களிடம் காணப்படும் மன அதிர்ச்சி நோயின் அறிகுறிகள் இருந்தன. சரியான விவரம் தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று கருதியவர்களில் இது பாதியை நெருங்கியது. சிகிச்சை முடிவுகளில் பங்கெடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவு. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது போன்ற கடைசிக் கட்ட முடிவுகளில் பங்கெடுத்தவர்களில் 81.8 சதவீதம். பங்கெடுத்ததுதான் நோய்க்குக் காரணம் என்று இந்த எண்களை வைத்து அறுதியிட்டுவிட முடியாது. மிகவும் மோசமான நிலையில் இருந்தவர்களின் குடும்பங்களிடம்தான் அத்தகைய முடிவுகள் கேட்கப்பட்டிருக்கும். இருந்தாலும் ஐசியு வாசலில் நின்றவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியம் வராது.

அப்படியானால் குடும்பத்தைக் கேட்காமலே மருத்துவர்கள் முடிவெடுத்துவிடலாமா என்றால், அதுவும் சரிப்படாது. கேட்காவிட்டால் மனம் இன்னும் கொதிக்கும். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் எண்ணம். "நீங்க என்ன சொல்றீங்க? செய்யலாமா, வேண்டாமா?" என்று ஒரு பெண்ணை வராந்தாவில் நிறுத்திக் கேட்பது, முப்பது ஆண்டுகள் படித்தவர் தன் சுமையைப் படிக்காதவர் தோளில் இறக்கிவைப்பதாகும். "எங்களுக்கு இது சரியென்று படுகிறது, காரணம் இது, உங்கள் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், இப்படியொரு நிலையில் அவர் எதை விரும்புவார், எதைத் தாங்கமாட்டார்?" என்று உட்காரவைத்துக் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல அவளைவிடத் தகுதியானவர் வேறு யாரும் இல்லை. முதல் கேள்வி அவளை மருத்துவராக்குகிறது, இரண்டாவது அவளை மனைவியாகவே இருக்கவிடுகிறது. பிரான்சிலேயே செய்த இன்னொரு பரிசோதனையின் முடிவை 2007-இல் வெளியிட்டார்கள். 22 பிரிவுகளில், இறந்துகொண்டிருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரோடு வழக்கம்போலப் பேசினார்கள். மறுபகுதியினரோடு ஒழுங்கான முறை ஒன்றின்படி, அவர்கள் சொல்வதை மதித்து, அழுகைக்கு இடம்விட்டு, நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டு, கேள்விகளை வரவழைத்துப் பேசி, துக்கம் பற்றிய ஒரு சிறு கையேட்டையும் கொடுத்தார்கள். வழக்கமான உரையாடல் 20 நிமிடம், புதியது 30 நிமிடம். ஆனால் முதலாவதில் குடும்பத்தினர் பேசியது 5 நிமிடம், இரண்டாவதில் 14 நிமிடம். மூன்று மாதம் கழித்து மன அதிர்ச்சி அறிகுறிகள் முதல் பகுதியினரில் 69 சதவீதத்தினரிடமும், இரண்டாம் பகுதியினரில் 45 சதவீதத்தினரிடமும் இருந்தன. கூடுதலாகச் செலவானது ஒரு பத்து நிமிடம்.

எங்கள் அனுபவத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் பஞ்சம். நமது ஐசியுக்களில் நிரந்தரமாக ஒலிக்கும் வாக்கியம், "நாற்பத்தெட்டு மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்" என்பது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. கிருமித் தொற்று முற்றிய நோயாளிகளில் மருந்து பிடிக்கிறதா என்று தெரிய அந்த அவகாசம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஆனால் கேட்பவர் அதைத் தவணையாக எடுத்துக்கொள்கிறார். அக்கா கைப்பேசியில் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டாள். அந்த நேரம் வந்து போனபோது யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை; போய்க் கேட்டபோது வேறொரு டியூட்டி டாக்டர் இருந்தார், அவர் மறுபடியும் நாற்பத்தெட்டு மணி நேரம் என்றார். அசூலேயின் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலேயே இதையும் பார்த்திருக்கிறது: மருத்துவர் பேசி முடித்த பிறகு விசாரித்தால், பாதிக்கும் மேற்பட்ட குடும்பத்தினருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்பவற்றில் ஏதோ ஒன்று புரிந்திருக்கவில்லை. படித்தவர் படிக்காதவர் என்ற பேதம் இதில் அவ்வளவாகச் செல்லாது. பயந்திருக்கும் மனம் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திக்கொள்கிறது.

விளக்கம் கிடைக்காத இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்கா ஒரு கட்டத்தில் கிரியாட்டினின், பிளேட்லெட், ஆக்சிஜன் சதவீதம் என்று சரளமாகப் பேசினாள். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாள் போட்டு எழுதிவைத்தாள். வென்டிலேட்டரில் கொடுக்க வேண்டியிருக்கும் ஆக்சிஜன் 80 சதவீதத்திலிருந்து 60-க்குக் குறைந்தால் அன்று இட்லி இறங்கும். மறுநாள் 70 என்றால் டீ கூட இறங்காது. ஏற்ற இறக்கம் அந்த நோயின் இயல்பு என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்த எண்களுக்கு அவள் மீது இவ்வளவு அதிகாரம் இருந்திருக்காது. பின்னால் ஒரு மூத்த மருத்துவர் அதைச் சொன்னார். மாலை ஐந்து மணிக்கு மேல் குடும்பத்திலிருந்து ஒரே ஒருவர் வந்தால் தானே பேசுவதாகச் சொல்லி, சொன்னபடி தினமும் பேசினார். பெரும்பாலான நாட்களில் அவர் சொன்னது "நேற்று மாதிரியேதான் இருக்கிறார்" என்பதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அக்கா பகல் முழுவதும் காத்திருந்தாள் என்றாலும், காத்திருப்பதற்கு ஒரு நேரம் கிடைத்துவிட்டதால் மற்ற நேரங்களில் அவளால் கொஞ்சம் உட்கார முடிந்தது.

நம்பிக்கையைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே விவரத்தை மறைப்பதாக மருத்துவர்கள் சிலரும் உறவினர்கள் பலரும் சொல்வதுண்டு. நான்சி மோல்டர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக்காகத் தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகளின் உறவினர்களிடம் 45 தேவைகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து எது முக்கியம் என்று கேட்டபோது, நம்பிக்கை இருக்கிறது என்று உணர்வதே முதலிடத்தில் வந்தது. உண்மைதான். ஆனால் கேள்விகளுக்கு நேர்மையான பதில் வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலின் மேல்வரிசையிலேயே இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைத்துக்கொள்வது வெளியில் இருப்பவர்கள்தான்.

பார்வை நேரம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், ஒரு தடவைக்கு ஒருவர். செருப்பை விட்டுவிட்டு, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, கையில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனால், கட்டிலின் இரு பக்கக் கம்பிகளிலும் பேண்டேஜ் துணியால் கைகள் கட்டப்பட்டிருந்தன. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அரை மயக்கத்தில் நோயாளி தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கச் செய்வது அது. அக்கா அந்தத் துணி அழுத்திய தடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே நின்றுவிட்டு, பேச நினைத்தது எதையும் பேசாமல் வெளியே வந்தாள். மயக்க மருந்தைக் குறைத்த பிறகு வேறு விதமான அடி. வென்டிலேட்டரில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு மனக்குழப்ப நிலை ஒன்று வருகிறது. இடம் தெரியாது, நேரம் தெரியாது, சுவரில் எறும்பு ஊர்வதாகத் தெரியும், சிஸ்டர் கொல்ல வருவதாகத் தோன்றும். அத்தான் அக்காவை வெறித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது நோயின் பகுதி, சில நாட்களில் தெளியும் என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். சொல்லியும் அவள் அன்று இரவெல்லாம், மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உறவினரை அதிக நேரம் உள்ளே விட்டால் கிருமி வரும், வேலை கெடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை உறவினரை அனுமதித்த இடங்களில், நோயாளிகளின் மனக்குழப்பம் குறிப்பிடும்படி குறையவில்லை. அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. கிருமித் தொற்று கூடவும் இல்லை, ஊழியர்களின் களைப்பு கூடவும் இல்லை. குடும்பத்தினரின் பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் குறைந்தன. நம் ஊரில் ஒரு நோயாளிக்கு இருபது பேர் வருகிற நிலையில் அதை அப்படியே செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒருவரை, கைகழுவி, முகக்கவசம் போட்டு, ஒரு நாற்காலியில் சற்று நேரம் உட்காரவைப்பதற்கு இருபது பேர் ஒரு சாக்கு ஆகிவிடக்கூடாது.

பணம் பற்றி நிறைய எழுதலாம். எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் முன்பணம் கட்டச் சொல்லும் சீட்டு, மதியம் மருந்துச் சீட்டு, மாலையில் டயாபர், அண்டர்பேட், வெட் வைப்ஸ். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமிருக்கிறது என்றாலும், அட்டை இருக்கிறதா, அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, அந்தச் சிகிச்சை அதில் வருகிறதா என்று பார்ப்பதற்கே ஒரு ஆள் தனியாக அலைய வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் நான் பார்த்ததில் மிகவும் கொடுமையானது, பணம் தீர்ந்துபோய் "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்று சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போன ஒரு குடும்பம். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட இளைஞன் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு போனான். அவன் அப்பாவுக்கு என்ன ஆனது என்று தெரியாது. அவனுக்கு என்ன ஆனது என்று விசாரிக்கும் ஏற்பாடு எதையும் நான் எந்த மருத்துவமனையிலும் பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் நடுவே மனிதர்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கிறார்கள். அக்காவைத் தாங்கியது முதலில் சொந்தபந்தம் அல்ல, காத்திருப்புக் கூடம். விபத்தில் தலையில் அடிபட்ட மகனுக்காகப் பல வாரமாக அங்கேயே கிடந்த, விருதுநகர்ப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும், செக்யூரிட்டி எத்தனை மணிக்குத் தரையைக் கழுவ எழுப்பிவிடுவார், எந்த டாக்டரிடம் கேட்டால் கோபப்படாமல் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. நாங்கள் குளிக்கப் போனால் மைக்கில் எங்கள் பெயர் வருகிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். அவர் போனால் நாங்கள். அக்கா சாப்பிடாமல் இருந்த ஒரு மதியம், பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்து, "நீ பட்டினி கெடந்தா அவருக்கு ட்யூப எடுத்துருவாங்களா தாயி? தின்னு" என்று அதட்டினார். நாங்கள் அத்தனை பேரும் கெஞ்சியும் நடக்காதது அந்த அதட்டலில் நடந்தது. அதே துன்பத்தில் இருக்கிறவர் சொல்வதற்கு இருக்கும் உரிமை வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லை.

வெளியிலிருந்து வருகிறவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க வராவிட்டால் மனக்குறை, வந்தால் அவர்களுக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "முதல்லயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம்ல", "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு, ஒரு மாசம் கெடந்து போய்ச் சேந்தாரு" என்பவை அனுதாபமாகவே சொல்லப்பட்டன. அந்தக் கதையைச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மாலையில் டாக்டர் சொன்னதை ஒரே குரல்பதிவாகச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அக்காவின் கைப்பேசிக்கு யாரும் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள். மற்றபடி அது நன்றாகவே வேலை செய்தது. அக்காவின் கொழுந்தனாரும் நானும் இரவுகளைப் பிரித்துக்கொண்டோம். ஆனாலும் அவள் வீட்டுக்குப் போக மறுத்தாள், தான் இல்லாத நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்பதே அவள் பயம். அதைத் தீர்த்துவைத்தது இரவுப் பணியில் இருந்த ஒரு சிஸ்டர். அக்காவின் எண்ணைத் தன் பணிக் குறிப்பேட்டில் அவள் கண் முன்னாலேயே எழுதிக்கொண்டு, "ஏதாச்சும்னா நானே போன் பண்றேன்க்கா, நீங்க போய்த் தூங்கிட்டு வாங்க" என்றார். அன்றுதான் அவள் வீட்டில் போய்ப் படுத்தாள்.

பாண்டி கோயில் திருநீறு தலையணைக்கு அடியில் இருந்தது. சமயபுரத்துக்கு ஒரு நேர்த்திக்கடன், தெருவில் இருந்த பாய் வீட்டம்மா தர்காவிலிருந்து ஓதி வாங்கிவந்த எண்ணெய், அலுவலக நண்பர் ஒருவர் வேளாங்கண்ணியில் ஏற்றிய மெழுகுவர்த்தி. எனக்கு இவற்றில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் கையைக் கட்டிப்போட்டுவிட்ட ஓர் இடத்தில், ஒருவர் தன் ஆளுக்காகச் செய்யக்கூடிய காரியம் ஒன்றாவது மிச்சம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே விளங்கியது. திருநீற்றுப் பொட்டலத்தைக் குப்பையில் போடாமல், பாதுகாப்பாக ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிவைத்த சிஸ்டர்களுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும்.

அத்தான் வீடு திரும்பியதும் எல்லோரும் அக்காவைப் பார்த்து, "இனிமே என்ன, கண்டம் தாண்டியாச்சு" என்றார்கள். அவளுக்குத் தொல்லை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். இரவில் பல தடவை எழுந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கைப்பேசியின் அழைப்பு மணியை மாற்றினாள். மாற்றிய மணிக்கும் திடுக்கிட்டாள். காரணமில்லாமல் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தாள். அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் 2010-இல் கூட்டிய கூட்டத்தில், ஐசியுவிலிருந்து மீண்டவர்களுக்குப் பின்னால் வரும் உடல், மன, நினைவுக் கோளாறுகளைத் தொகுத்து ஒரு பெயர் கொடுத்தபோது, குடும்பத்தினருக்கு வருவதையும் அதன் ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். அத்தானுக்கு அந்தக் காலம் பெரும்பாலும் நினைவில் இல்லை. நினைவில் இருப்பதெல்லாம் அக்காவுக்குத்தான், அதுவும் மணி, நிமிடம் வாரியாக. ஸ்காண்டிநேவிய நாடுகளில், ஐசியுவில் இருக்கும் நோயாளிக்காகச் செவிலியர்களும் குடும்பத்தினரும் எளிய மொழியில் நாட்குறிப்பு எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. தேறிய பிறகு அவர் படித்துத் தன் விட்டுப்போன நாட்களை நிரப்பிக்கொள்ளலாம், எழுதியவருக்கும் மனபாரம் இறங்கும் என்பது எண்ணம். ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. பிரான்சில் நடந்து 2019-இல் முடிவு வெளியான பெரிய பரிசோதனையில் அதிர்ச்சி அறிகுறிகள் குறைந்ததாகத் தெரியவில்லை. எனவே அதை மருந்து என்று யாருக்கும் நான் எழுதிக்கொடுக்கமாட்டேன். அக்காவின் கணக்கு நோட்டில் இருந்தவை எண்கள் மட்டுமே. அத்தான் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியவில்லை என்று வைத்துவிட்டார்.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது வேறொன்று. இனி இப்படியொரு நிலை வந்தால் எதுவரை செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அத்தானே தொடங்கினார். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, மீள வழியில்லாத நிலையில் உயிர்நீட்டிப்புச் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது; நடைமுறை மிகவும் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலர் ஒருவரின் சான்றொப்பமும் போதும் என்று ஆக்கியது. மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்பிய பிறகே அது செயலுக்கு வரும். அத்தானைப் போன்று மீண்டுவரக்கூடிய நோயாளிகளுக்கு இது பொருந்தாது; ஆனால் அந்தப் பேச்சு நடந்திருக்கும் வீட்டில், கேள்வி வரும்போது மனைவி தன் மனதிலிருந்து பதிலை உருவாக்க வேண்டியிருக்காது. மாமியார், "வாய்ல நல்லதே வராதா?" என்று கோபித்துக்கொண்டு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். இன்னும் எழுதவில்லை.

அக்காவை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதற்கும் எதிர்ப்பு இருந்தது. நோயாளி அவர், மாத்திரை இவளுக்கா என்றார்கள். முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசினாள். 2022-இலிருந்து நாடு முழுவதும் இயங்கும் இலவச அரசுச் சேவை அது. அங்கே சொன்னபடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் அவளைப் பேசவிட்டார். டிராக்கியாஸ்டமிக்குக் கையெழுத்துப் போட்டது பற்றித்தான் அவள் அதிகம் பேசினாள், அது சரியான முடிவு என்று அத்தானின் கழுத்துத் தழும்பே சொல்லும் நிலையிலும். இப்போது தூக்கம் ஓரளவு சீராகியிருக்கிறது. மாத்திரையைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அத்தானை மறுபரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் போனால் ஐசியு இருக்கும் அந்தக் கட்டடத்தைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதால் அக்கா இன்னும் சுற்று வழியில்தான் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறாள்.